ஒரு சென்ட் ஏன் 435.6 சதுர அடி? நீள அளவுகள் வந்த வழி

கேள்வி இதுதான்: "இன்ச், அடி, கஜம், மைல், மீட்டர் எல்லாம் எங்கிருந்து வந்தன? ஒரு மைலுக்கு 5,280 அடி, ஒரு சென்டுக்கு 435.6 சதுர அடி என்று ஏன் இப்படிக் கோணல்மாணலாக வைத்தார்கள்? மெட்ரிக் முறை வந்து அறுபது வருஷம் தாண்டியும் நாம் ஏன் அடியிலேயே பேசிக்கொண்டிருக்கிறோம்?"

கட்டட எஸ்டிமேட் போடுவது என் தொழில். தினமும் அடியையும் மீட்டரையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கொண்டிருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எந்த ஊர் அளவுமுறையிலும் ஆரம்பத்தில் கோணல் எண் கிடையாது. உழுபவனோ நெய்பவனோ தச்சனோ தன் வேலைக்கென்று வைத்துக்கொண்ட அளவு, அவன் கைக்கும் கருவிக்கும் முழு எண்ணாகத்தான் இருந்திருக்கும். ஒரு தொழிலின் அளவை இன்னொரு தொழிலின் அளவோடு அரசாங்கம் சட்டம் போட்டு முடிச்சுப் போடும்போதுதான் 5,280, 435.6, 25.4 எல்லாம் பிறக்கின்றன. கோணல் எண்ணைப் பார்த்தால் அங்கே ஒரு ஒட்டு இருக்கிறது என்று அர்த்தம். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

முதலில் உடம்பு. நம் பழைய வாய்ப்பாடு இப்படிப் போகும்: எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம், நான்கு முழம் ஒரு கோல், ஐந்நூறு கோல் ஒரு கூப்பிடு தூரம், நான்கு கூப்பிடு ஒரு காதம். நெல்லுக்குக் கீழேயும் எள், கடுகு, மணல் என்று எட்டெட்டாக இறங்கி அணு வரை போவார்கள். அது கணக்குப் பிள்ளைகளின் ஆசை, யாரும் அதை வைத்து அளந்ததில்லை. மேலே உள்ளவை நிஜமாகவே புழங்கியவை. சாணை 9 இன்ச் என்று வைத்துக்கொண்டால் விரல் முக்கால் இன்ச், முழம் ஒன்றரை அடி, கோல் ஆறு அடி. கூப்பிடு தூரம் 3,000 அடி, அதாவது சுமார் 900 மீட்டர். அறுவடை முடிந்த வயல்வெளியில் விடியற்காலை ஓங்கிக் குரல் கொடுத்தால் கேட்கக்கூடிய தூரம்தான்.

இந்த வாய்ப்பாட்டில் எனக்குப் பிடித்தது அதன் உள்கட்டு. "எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்கிறோம். அவரவர் கைச்சாணால் அவரவர் உயரம் ஏறக்குறைய எட்டுச் சாண். கைகள் இரண்டையும் விரித்தால் வரும் அகலமும் ஏறக்குறைய அதே எட்டுச் சாண், அதாவது நான்கு முழம். நம் கடலோர மீனவர்கள் கயிற்றை விட்டு ஆழம் பார்த்து 'இத்தனை பாகம்' என்று சொல்வது இந்தக் கைவிரிப்பைத்தான். இங்கிலீஷ் மாலுமிகளின் ஃபாதமும் ஆறு அடிதான், அதுவும் கைவிரிப்புதான். ஈரக் கயிற்றை இரு கையாலும் இழுத்து எண்ணுகிறவனுக்கு உலகம் முழுக்க ஒரே அளவுதான் வரும். ரோமானியக் கட்டடக்காரர் வித்ருவியஸும் மனிதனின் உயரம் நான்கு முழம், கைவிரிப்பு அதற்குச் சமம் என்றே எழுதி வைத்திருக்கிறார். எகிப்தில் அரச முழம் கொஞ்சம் பெரியது, 52 சென்டிமீட்டர் சொச்சம், 28 விரல்கள். கீசாவின் பெரிய பிரமிடை அந்த முழத்தில் அளந்தால் அடிப்பக்கம் 440, உயரம் 280 என்று சுத்தமாக வரும். மீட்டரில் அளந்தால் வராது. கட்டியவன் எதில் நினைத்தானோ அதில்தான் கட்டடம் முழு எண்ணாக வரும். இது பின்னால் தேவைப்படும்.

உடம்பளவின் கோளாறு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: யாருடைய உடம்பு? பூக்கடையில் இன்றைக்கும் இந்தச் சண்டை நடக்கிறது. முழங்கை முட்டியிலிருந்து நடுவிரல் நுனி வரை நீட்டி அளந்தால் ஒரு முழம். விரலை லேசாக மடக்கிக்கொண்டால் இரண்டு மூன்று இன்ச் போய்விடும். "அக்கா, கையை நல்லா நீட்டி அளங்க" என்று வாங்குகிறவர் சொல்லுவார். "இதுக்கு மேல எங்கம்மா நீட்டுறது" என்று பதில் வரும். கடைசியில் கொசுறாக ஒரு கண்ணி சேர்ந்து வந்ததும் இருவரும் சமாதானமாகி விடுவார்கள். பத்து இருபது ரூபாய்ப் பூவுக்கு இது போதும். நிலவரிக்குப் போதாது.

அதனால்தான் அரசுகள் கோலைக் கையில் எடுத்தன. சோழர் கல்வெட்டுகளில் பதினாறு சாண் கோல் வருகிறது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் அரசன் பாதத்தின் பெயராலேயே ஸ்ரீபாதக்கோல் வருகிறது. வட்டாரத்துக்கு வட்டாரம் கோலின் சாண்கணக்கு மாறும் என்பதால், ஊரில் எந்தக் கோல் செல்லும் என்பதைக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். பழைய கோயில்களில் அடித்தளக் கற்களை உற்றுப் பார்த்துக்கொண்டு சுற்றி வந்தால், எழுத்து எதுவும் இல்லாமல் இரு முனையிலும் குறி வைத்த நீளமான கோடு சில இடங்களில் கண்ணில் படும். அளவுகோல் அதுதான். சந்தேகம் வந்தால் கோலைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சாண் 9 இன்ச் என்றால் பதினாறு சாண் கோல் 12 அடி. அந்தக் கோலால் ஒரு கோலுக்கு ஒரு கோல் சதுரம் எடுத்தால் 144 சதுர அடி. தஞ்சாவூர்ப் பக்கம் இன்றும் ஒரு குழி என்றால் 144 சதுர அடிதான். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா 14,400 சதுர அடி, அதாவது 33 சென்ட் சொச்சம். குழிக்கு வேறு கணக்கு வைத்திருக்கிற மாவட்டங்களும் உண்டு, அதனால் இதை ஊருக்கு ஊர் பொருத்திப் பார்க்க வேண்டாம். ஆனால் டெல்டாவில் கோல் கையை விட்டுப் போன பிறகும் கோல் சதுரம் பேச்சில் நிற்கிறது. அங்கே பாருங்கள், கோணல் எண்ணே இல்லை: 12, 144, 100, 20. எல்லாம் ஒரே தொழிலுக்குள், ஒரே கோலுக்குள் பிறந்தவை. அந்த மாவைச் சென்டாக மாற்றும் போதுதான் 33.06 என்று பின்னம் முளைக்கிறது.

இனி இங்கிலாந்து. ரோமானிய மைல் என்பது படை வீரனின் ஆயிரம் நடை. இடக்கால், வலக்கால் இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு நடை, அது ஐந்து அடி. ஆக மைலுக்கு 5,000 அடி, சுத்தமான எண். இங்கிலாந்து உழவனுக்கோ வேறு அளவு. மாடு மூச்சு வாங்காமல் ஒரே இழுப்பில் உழுது போகும் சால் நீளம் பர்லாங். அது 660 அடி. நிலம் அளக்கும் கழி நீளம் பதினாறரை அடி, நாற்பது கழி ஒரு பர்லாங். ஒரு பர்லாங் நீளமும் நான்கு கழி அகலமும் உள்ள துண்டு ஒரு ஏக்கர். ஒரு ஏர் மாடு ஒரு நாளில் உழக்கூடியது. நிலப் பத்திரங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் இருந்ததால் பர்லாங்கைத் தொட்டால் நாடே கொந்தளிக்கும். ஆகவே 1593இல் எலிசபெத் ராணி காலத்துச் சட்டம் பர்லாங்கை அப்படியே விட்டுவிட்டு மைலை நீட்டியது: மைலுக்கு எட்டு பர்லாங். 8 × 660 = 5,280. வழிப்போக்கன் அளவை உழவன் அளவோடு ஒட்டிய இடம் அது. நிலம் ஜெயித்தது, பாதை வளைந்து கொடுத்தது.

அடுத்த ஒட்டு 1620இல். எட்மண்ட் கண்டர் என்ற கணிதக்காரருக்கு, ஏக்கரை எளிதாகக் கணக்குப் போட ஒரு கருவி வேண்டியிருந்தது. நான்கு கழி நீளம், அதாவது 66 அடிக்கு ஒரு சங்கிலி செய்து, அதை 100 கண்ணிகளாகப் பிரித்தார். நம் சர்வேயர்கள் 'செயின்', 'லிங்க்ஸ்' என்று சொல்வது இவைதான். ஒரு லிங்க் 7.92 இன்ச். பார்க்கக் கோணலாக இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் பலன் பாருங்கள்: நீளத்தையும் அகலத்தையும் லிங்க்ஸில் எடுத்துப் பெருக்கி, ஐந்து சைபரை வெட்டினால் ஏக்கர் வந்துவிடும். மூன்று சைபரை வெட்டினால் சென்ட். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் வெயிலில் நின்றுகொண்டு கணக்குப் போடுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மெட்ரிக் பிறப்பதற்கு 170 வருஷம் முன்பே தசமக் கணக்கை நிலத்தில் இறக்கிவிட்டார் மனிதர்.

அந்தச் சங்கிலி கிழக்கிந்தியக் கம்பெனியோடு கப்பலேறி இங்கே வந்தது. ஒரு சதுரச் செயின் 66 × 66 = 4,356 சதுர அடி. பத்துச் சதுரச் செயின் ஒரு ஏக்கர், 43,560. அதில் நூறில் ஒன்று சென்ட், 435.6. கேள்வியில் இருந்த எண் இதுதான். லிங்க்ஸில் பார்த்தால் ஒரு சென்ட் சரியாக 1,000 சதுர லிங்க்ஸ், முழு எண். சங்கிலிக்காரன் அளவைக் கொத்தனார் அடியால் அளப்பதால்தான் அந்தப் புள்ளி ஆறு. இலங்கையில் ஏக்கருக்குக் கீழே சென்டுக்குப் பதில் பேர்ச்சைப் பிடித்துக் கொண்டார்கள். அது பதினாறரை அடிக் கழியின் சதுரம், 272.25 சதுர அடி, 160 பேர்ச் ஒரு ஏக்கர். இங்கே சங்கிலி நின்றது, அங்கே கழி நின்றது. சென்னைக்காரர்களின் கிரவுண்டு 60க்கு 40, ஆக 2,400 சதுர அடி. அது மனை போடுகிறவர்களின் அளவு என்பதால் சங்கிலியோடு ஒட்டும் கிடையாது, பின்னமும் கிடையாது.

சங்கிலி இன்னொரு இடத்தில் நம் எல்லார் கண்ணிலும் படுகிறது. கிரிக்கெட் பிட்ச் 22 கஜம். 22 × 3 = 66 அடி, சரியாக ஒரு செயின். தெருவில் இருபத்திரண்டு தப்படி போட்டு ஸ்டம்புக்குச் செங்கல் வைக்கும் பையன்கள் கண்டரின் சங்கிலியைத்தான் அளக்கிறார்கள்.

அடிக்கு ஏன் 12 இன்ச் என்றால், அது ரோமானியர் பழக்கம். பன்னிரண்டை இரண்டாக, மூன்றாக, நான்காக, ஆறாகப் பின்னமில்லாமல் பிரிக்கலாம். பத்தை இரண்டாகவும் ஐந்தாகவும்தான் முடியும். பலகையை மூன்றாக அறுக்கிற தச்சனுக்கு இது பெரிய வசதி. இடைக்கால இங்கிலாந்துச் சட்டம் ஒன்று, காய்ந்து உருண்ட பார்லி மணி மூன்றை நீளவாக்கில் வைத்தால் ஒரு இன்ச் என்கிறது. நாம் நெல்லைக் குறுக்கே அடுக்கி விரலுக்குப் போனோம், அவர்கள் பார்லியை நீளவாக்கில் அடுக்கி இன்ச்சுக்குப் போனார்கள். பார்லி இன்னும் போகவில்லை. செருப்புக் கடையில் யூகே சைஸ் 8க்கும் 9க்கும் என்ன வித்தியாசம்? ஒரு பார்லி மணி, இன்ச்சில் மூன்றில் ஒன்று, எட்டரை மில்லிமீட்டர். கஜத்துக்கு முதலாம் ஹென்றி ராஜாவின் மூக்கிலிருந்து கட்டைவிரல் வரை என்று ஒரு கதை சுற்றுகிறது. கதையாகவே இருக்கட்டும்.

மீட்டருக்கு வருவோம். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்தபோது, ராஜாவின் கையும் வேண்டாம் காலும் வேண்டாம், பூமியையே அளவாக வைப்போம் என்று முடிவெடுத்தார்கள். வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை உள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு மீட்டர். தெலாம்ப்ர், மெஷேன் என்ற இரு வானியலாளர்கள் 1792 முதல் 1798 வரை டன்கிர்க்கிலிருந்து பார்சிலோனா வரை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு போனார்கள். 1799இல் பிளாட்டினத்தில் ஒரு மீட்டர் கோல் செய்யப்பட்டது. பிறகு பார்த்தால் அந்தக் கோல், இருக்க வேண்டியதைவிட 0.2 மில்லிமீட்டர் குட்டை. பூமியைத் திருத்த முடியாது, கோலையும் மாற்றவில்லை. கோல்தான் மீட்டர் என்று வைத்துக்கொண்டார்கள். 1960இல் கிரிப்டான் ஒளியின் அலைநீளத்துக்கும், 1983இல் ஒளியின் வேகத்துக்கும் மாறியது. இன்று ஒளி வெற்றிடத்தில் 1/29,97,92,458 விநாடியில், அதாவது இருபத்தொன்பது கோடியே தொண்ணூற்றேழு லட்சத்து தொண்ணூற்றிரண்டாயிரத்து நானூற்று ஐம்பத்தெட்டில் ஒரு விநாடியில், போகும் தூரம் ஒரு மீட்டர். இந்த மகா கோணல் எண்ணும் ஒட்டுதான்: பழைய பிளாட்டினக் கோலையும் ஒளியையும் ஒட்டிய இடம்.

அதே காலத்தில் இங்கே சென்னையில் இன்னொரு அளவை நடந்தது. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோடு அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணமிட்டு அளந்த பெரிய சர்வேக்கு அதுதான் முதல் கோடு. கருவி, 100 அடி எஃகுச் சங்கிலி. அவர் பட்ட பாடு முழுக்க வெயிலோடுதான். எஃகு சூட்டில் நீளும். இருபது டிகிரி ஏறினால் 100 அடிச் சங்கிலி கால் இன்ச்சுக்கு மேல் நீண்டுவிடும். ஏழரை மைலுக்கு அந்தச் சங்கிலியை நானூறு தடவை வைக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒன்பது அடிக்கு மேல் பிசகும். ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, நிழல் கட்டி, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து ஒவ்வொரு தடவையும் திருத்தம் போட்டார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கும் கருவியை, ஏற்றப் போய்க் கயிறு அறுந்து கருவி அடிபட்டது தனிக்கதை.

மெட்ரிக் இந்தியாவுக்குச் சட்டமாக வந்தது 1956இல்; 1958இல் எடைகளில் தொடங்கி 1962க்குள் நடைமுறையானது. ஆனால் மீட்டர் அதற்கும் முன்பே தண்டவாளத்தில் வந்துவிட்டது. 1870 வாக்கில் வைஸ்ராய் மேயோ பிரபு சிக்கனமான குறுகிய பாதை போட முடிவெடுத்தபோது, இந்தியா சீக்கிரமே மெட்ரிக்குக்கு மாறப்போகிறது என்ற எண்ணத்தில் அகலத்தைச் சரியாக ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். மெட்ரிக் வருவதற்குள் இன்னும் எண்பத்தாறு வருஷம் ஆகிவிட்டது. எழும்பூரிலிருந்து தெற்கே போன தலைமுறைகள் எல்லாம் மீட்டர் கேஜிலேயே போய்வந்து விட்டன. பிராட்கேஜ் 1,676 மில்லிமீட்டர் என்பது ஐந்தரை அடியைத்தான் மெட்ரிக்கில் சொல்வது.

இனி கடைசிக் கேள்வி: ஏன் இன்னும் அடி? பழக்கம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிலோகிராம் வந்து சேர், வீசை, பலம் எல்லாம் ஒரே தலைமுறையில் காணாமல் போய்விட்டனவே, அங்கே பழக்கம் என்ன ஆயிற்று? எடையில் பொருள் கைமாறியதும் கதை முடிந்தது. நீளத்தில் பொருள் நிற்கிறது. வாசல் நிலை, தறி, செங்கல் அச்சு, பழைய சுவர் எல்லாம் பழைய அளவில் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்க, புதிதாக வருவது அதற்குள் பொருந்தியாக வேண்டும்.

துணிக்கடையில் முத்திரை குத்திய இரும்பு மீட்டர் கோல்தான் இருக்கிறது, பில்லும் மீட்டரில்தான். ஆனால் சேலை ஐந்தரை மீட்டர் என்று எங்கிருந்து வந்தது? ஆறு கஜம் 5.49 மீட்டர். மடிசார் இன்னும் வெளிப்படையாகவே ஒன்பது கஜம். வேட்டியில் நான்கு முழம், எட்டு முழம் என்றே கேட்கிறோம். எட்டு முழம் 12 அடி, 3.66 மீட்டர். லேபிளில் மீட்டர் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது முழம்.

என் தொழிலில் இது இன்னும் வேடிக்கை. கம்பி கட்டுகிறவர் இன்ச்சை எட்டு நூலாகப் பிரிப்பார். "மேஸ்திரி, பீமுக்கு நாலு நூல் கம்பி, ரிங்குக்கு ரெண்டு நூல்" என்றால் அரை இன்ச்சும் கால் இன்ச்சும். கடையில் அதற்கு 12 எம்.எம்., 6 எம்.எம். கம்பி தருவார்கள். அரை இன்ச் உண்மையில் 12.7 எம்.எம். கம்பியின் பலம் அதன் குறுக்குப் பரப்பில் இருப்பதால், 12 எம்.எம். கம்பி அசல் அரை இன்ச்சைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. மூன்று நூலுக்குப் பதில் வரும் 10 எம்.எம். நேர்மாறாகப் பத்து சதவீதம் கூடுதல். ஐந்து நூலும் 16 எம்.எம்.மும் கிட்டத்தட்ட ஒன்று. ஆக 'நூல்' இன்று அளவே இல்லை, கம்பியின் செல்லப்பெயர். பேச்சில் இருப்பதில் தப்பில்லை. பழைய காலத்து இன்ச் டிசைனை வைத்துக்கொண்டு இன்றைய கம்பியை அதே எண்ணிக்கையில் போட்டால் மட்டும் இடிக்கும். வரைபடத்தில் எம்.எம். போட்டு டிசைன் செய்திருந்தால் கவலை இல்லை.

பைப்பும் அப்படித்தான். முக்கால் இன்ச் பி.வி.சி. பைப் என்று கேட்டால் 25 எம்.எம். தருவார், ஒரு இன்ச்சுக்கு 32, நாலு இன்ச்சுக்கு 110. இன்ச் உள்வாயைச் சொல்கிறது, எம்.எம். வெளிவட்டத்தை. பிளைவுட் ஷீட் எட்டுக்கு நாலு அடி, கனம் மட்டும் 19 எம்.எம்.; அதுவும் முக்கால் இன்ச்தான், வாய்ப்பாட்டுக் கணக்கில் ஒரு விரல். பைக் டயரில் 100/90-17 என்று இருந்தால் அகலம் மில்லிமீட்டரில், உயரம் சதவீதத்தில், ரிம் இன்ச்சில். வண்டி மைலேஜ் என்ன என்று கேட்டால் கிலோமீட்டரில் பதில் சொல்கிறோம். தூத்துக்குடியில் 'மூணாவது மைல்' இன்றும் பஸ் ஸ்டாப் பெயர்.

அடி போகாததற்கு நம் ஊரில் இன்னொரு காரணம் உண்டு, வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது: மனையடி சாஸ்திரம். ரூமின் உள்கூடு 10, 11, 16 அடி என்றால் நல்லது, 12, 13, 14 ஆகாது என்று பட்டியல் காலண்டரிலேயே வந்துவிடுகிறது. வீட்டுக்காரர் டேப்பைப் பிடித்து உள்கூட்டை அளந்து பார்க்காமல் பூச்சு வேலைக்கே சம்மதிக்க மாட்டார். 11 அடியை 3.35 மீட்டர் என்று எழுதிக் கொடுத்தால் அவருக்கு அதில் பலனும் தெரியாது, பயமும் தெரியாது. பட்டியல் அடியில் இருக்கிற வரை அடி இருக்கும். இதில் ஒரு முரண்: டேப்பில் இருப்பது லண்டன் அடி, 30.48 சென்டிமீட்டர். 1959இல் அமெரிக்காவும் பிரிட்டனும் மற்ற நான்கு நாடுகளும் சேர்ந்து இன்ச் 25.4 மில்லிமீட்டர், கஜம் 0.9144 மீட்டர் என்று நிர்ணயித்த அடி. நம் ஸ்தபதிகளின் தச்சு முழமோ 33 இன்ச். சாஸ்திரப் பலனை எந்த அடியில் பார்க்க வேண்டும் என்று நான் எந்த வீட்டுக்காரரிடமும் கேட்டதில்லை, கேட்டால் வேலை போய்விடும்.

25.4க்கும் ஒரு வால் கதை. ஐந்து இன்ச் சரியாக 127 மில்லிமீட்டர். இன்ச் லீட்ஸ்குரூ (வெட்டும் மரையின் இடைவெளியைத் தீர்மானிக்கும் நீளத் திருகு) உள்ள லேத்தில் மெட்ரிக் மரை வெட்ட 127 பல் சக்கரம் மாட்டுவார்கள். கோயம்புத்தூர் லேத் பட்டறைகளில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். இரண்டு அளவுமுறையை ஒட்டும் இடம் அங்கே பல்லும் சக்கரமுமாகக் கையிலேயே இருக்கிறது.

கடல் மைலை மறந்துவிடக் கூடாது, செய்தியில் தினம் வருகிறது. அது 1,852 மீட்டர். தரை மைல் 1,609. பூமியைச் சுற்றி 40,000 கிலோமீட்டர் என்று வைத்து 360 டிகிரியால் வகுத்து, ஒவ்வொரு டிகிரியையும் 60 கலையாக (மினிட்) வகுத்தால் 1,852 வரும். வரைபடத்தின் ஓரத்தில் அட்சரேகைக் கலையைக் கவராயத்தால் எடுத்தால் அதுவே கடல் மைல், வேறு ஸ்கேல் வேண்டாம். அதனால்தான் கப்பலும் விமானமும் அதை விடவில்லை.

நடைமுறையில் இந்தக் கலப்படம் எங்கே கையைக் கடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, புள்ளி. 10 அடி 6 இன்ச்சை வாட்ஸ்அப்பில் '10.6' என்று எழுதுகிறார்கள். கால்குலேட்டருக்கு 10.6 என்றால் 10 அடி 7.2 இன்ச். கதவு நிலை ஆசாரி ஒரு அர்த்தத்திலும், மார்பிள்காரர் இன்னொரு அர்த்தத்திலும் எடுத்துக்கொண்டால் ஒன்றேகால் இன்ச் இடைவெளி வரும். 5 அடி 1 இன்ச்சும் 5 அடி 10 இன்ச்சும் '5.1', '5.10' ஆகிவிட்டால் கால்குலேட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். அடி, இன்ச் என்று எழுத்தில் எழுதுங்கள், இல்லாவிட்டால் முழுக்க மில்லிமீட்டரில் எழுதுங்கள்.

இரண்டாவது, டேப்பின் முனைக் கொக்கி ஆடுகிறது என்று சுத்தியலால் தட்டி இறுக்காதீர்கள். அதன் கனத்துக்குச் சரியாக ஆடும்படிதான் செய்திருக்கிறார்கள், உள்ளே முட்டி அளந்தாலும் வெளியே மாட்டி அளந்தாலும் ஒரே எண் வருவதற்காக.

மூன்றாவது, நிலம். பத்திரத்தில் ஏக்கர், சென்ட் இருக்கும்; பட்டாவில் ஹெக்டேர், ஏர் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். உங்கள் பத்திரத்தில் 31 சென்ட் என்றும் பட்டாவில் 12.5 ஏர் என்றும் இருந்தால் பதற வேண்டாம். 31 சென்ட் 12.545 ஏர்; அதை அரை ஏருக்கு முழுமையாக்கி எழுதியிருப்பார்கள். வித்தியாசம் நாலரைச் சதுர மீட்டர், 48 சதுர அடி சொச்சம். அது அளவைப் பிழையும் இல்லை, யாரும் அபகரித்ததும் இல்லை. வித்தியாசம் ஒரு சென்டைத் தாண்டினால்தான் யோசிக்க வேண்டும். அப்போது பழைய புலப்படத்தையும் புதியதையும் வாங்கி, எல்லைக் கோடுகளின் நீளம் லிங்க்ஸிலா மீட்டரிலா என்று முதலில் பாருங்கள். ஒரு லிங்க் 20 சென்டிமீட்டர் சொச்சம் என்பதால், ஒரே கோட்டுக்குப் பழைய படத்தில் 150 என்றும் புதியதில் 30.2 என்றும் இருந்தால் இரண்டும் சரி. 150 என்பதை அடி என்று எடுத்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்புகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.